வாய்க்கால் மேட்டுக் கேமரா

ஐம்பத்திரண்டு வயதில் ஸ்கூட்டர் பழக ஆரம்பித்தேன், வீட்டுக்காரருக்குத் தெரியாமல். "உழுந்து இடுப்பொடிஞ்சா ஆரு பாக்கறது?" என்று ஒரு தடவை கேட்டு அந்தப் பேச்சையே மூடிவிட்டவர் அவர். தெரிந்தால் அன்றோடு முடிந்தது. நானும் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டிவிட்டு, மறு வாரமே பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணைப் பிடித்தேன். பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவள், சொந்த வண்டி வைத்திருப்பவள், எல்லாவற்றுக்கும் மேல் வாயைத் திறக்காதவள்.

எங்கள் வீட்டுக்காரர் விடியற்காலையில் வாய்க்கால் படித்துறையில் குளித்துவிட்டு வந்து பேப்பரோடு உட்கார்ந்தால் எட்டு மணிவரை எழுந்திருக்க மாட்டார். அந்த நேரத்தில் "பால் ஊத்தப் போறேனுங்க" என்று கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். வாய்க்கால் மேட்டில்தான் பாடம். விழுந்தேன், எழுந்தேன், ஒரு தடவை வரப்பைத் தாண்டி வெண்டைக்காய்த் தோட்டத்துக்குள்ளேயே போய்விட்டேன். எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியபிறகு அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். மனசு பதினாறு வயதுக்காரி மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் படித்துறைக்குப் பக்கத்தில், மதகடிக் கம்பத்தில் அந்தக் கேமரா முளைத்தது. பலகை கிடையாது, அறிவிப்பு கிடையாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதை ஊரே நடித்துக் காட்டியது. கள்ளு வண்டிக்காரர்கள் எக்சைஸ்காரன் வேலை என்றார்கள். முறை தப்பி மதகைத் தூக்கிவிடுகிறவர்கள் தண்ணீர் ஆபீஸ் வேலை என்று சொல்லி, கை வைப்பதையே நிறுத்தினார்கள். கடைமடைக்காரர்கள் மட்டும், வைத்தவன் நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்தினார்கள். நானோ, எங்கள் வீட்டுக்காரரே வைத்துவிட்டாரோ என்று ஒரு நாள் முழுக்கப் பயந்தேன்.

பஞ்சாயத்தில் கேட்டேன். எங்களுடையது இல்லை என்றார்கள். கரண்ட் ஆபீசில், கம்பம் எங்களுடையது, மேலே இருப்பது எங்களுக்குத் தெரியாது என்றார்கள். வேறொரு ஆபீசில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, தப்புச் செய்யாதவங்களுக்கு என்ன பயம் என்று கேட்டார். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். ரகசியம் அரசாங்கத்துக்கு மட்டும்தான் இருக்க வேண்டுமா?

வீட்டிலும் அதே கேள்விதான் காத்திருந்தது. முப்பது வருஷம் சர்க்கார் ஆபீசில் பேனா பிடித்தவர் எங்களவர். சர்க்கார் ஒன்று செய்தால் அதற்கொரு காரணம் இருக்கும் என்பது அவருக்கு வேதவாக்கு. "தப்புப் பண்ணாதவனுக்கு என்ன புள்ள பயம்?" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் தப்பா பண்ணினேன்? நான் விழுவதை எவனோ உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கிறானே!

தகவல் கேட்டு மனு போட்டேன். எங்கள் ஊர் மலையாள எல்லைக்குள் இருப்பதால், தகவல் உரிமையை இங்கே விவராவகாசம் என்பார்கள். மூன்றே கேள்வி: கேமரா யாருடையது, யார் உத்தரவில் வைத்தது, யார் பார்க்கிறார்கள். கீழே என் பெயர், வீட்டு விலாசம். வண்டியைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, மலையாளத்தில். நான் பொள்ளாச்சிப் பக்கம் தமிழில் படித்தவள். மலையாளத்தில் பஸ் போர்டு படிப்பேன், அதற்குமேல் ஓடாது. மனுவை நானே எழுதிய பெருமையில், பதிலைக் காப்பியோடு அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் ஜம்மென்று உட்கார்ந்தேன்.

அவர் தமிழாக்கிப் படித்தார். முதல் கேள்விக்கு, ரகசியம். இரண்டாவதுக்கு, பாதுகாப்புக் காரணம், சொல்வதற்கில்லை. மூன்றாவதுக்கும் அதே. "பாத்தியா, நாஞ் சொல்லலே?" என்று முகமெல்லாம் மலர்ந்தார். கடைசிப் பத்தியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மனுதாரர் தினமும் காலையில் வாய்க்கால் பாதையில் இருசக்கர வாகனம் பழகுவதற்கு மேற்படி கேமராவால் இடையூறு ஏதுமில்லை."

"நீ வண்டி பழகறயா?"

"ஆமாங்க."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்தேன். விழவில்லை. "மனுவுல வண்டின்னு எழுதுனயா?"

"இல்லீங்க. பேரும் ஊட்டு விலாசமும்தானுங்க."

கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அதை மடித்து வைத்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டார்: "அப்ப நான் கோமணத்தோட குளிக்கறது?"

எனக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே! காப்பி கொட்டியது, வயிறு வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் என்னைத் தடுக்கவும் இல்லை. "இனி மறைச்சு என்ன புள்ள, சர்க்காருக்கே தெரிஞ்சு போச்சு" என்று ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார். எட்டுப் போட்டேன், லைசென்ஸ் வாங்கினேன். இப்போது கேமராவுக்குக் கீழே தினமும் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறேன். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அவர் மட்டும் படித்துறைக்குப் போவதை விட்டுவிட்டார். விடியற்காலையில் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போகிறார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.