பஞ்சுச் சாட்டை

என் அக்காவின் இடது காதை உடைத்த புத்தகத்தை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் மழுப்பியது போல் ஆகிவிடும்.

அது கறுப்பு வெள்ளைப் படக் காலத்து வில்லன்களைப் பற்றிய புத்தகம். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படங்கள். கையில் எடுத்தால் செங்கல் மாதிரிக் கனக்கும். கடையில் தூக்கிப் பார்த்தபோதே, இதைப் படித்து முடிக்க இரண்டு வாரமாவது ஆகும் என்று நினைத்தேன். இரண்டு வாரம் என்றால் அக்காவுக்கு இரண்டு வாரம் அடி கிடையாது.

அக்காவின் கணவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மச்சான். நாங்கள் மூன்று பேரும் மலேசியாவில், கோப்பெங் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். மாதம் ஒருமுறை தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். கதாநாயகன் கை ஓங்கினால் திடல் முழுக்க விசில் பறக்கும். வில்லன் கை ஓங்கினால் ஒரே ஒரு விசில்தான். அது அவருடையது. எல்லாரும் ஆளுக்கொரு கதாநாயகனைத் தலைவர் என்று கொண்டாடிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் சாட்டையும் கையுமாக வரும் ஒரு வில்லனைத் தலைவர் என்றார். ஒருநாள் அதற்காகவே தோட்டத்துப் பையன்கள் நாலு பேர் ரப்பர்ப் பால் கொட்டகைக்குப் பின்னால் அவரை வளைத்துக்கொண்டு, பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பால் அடித்தார்கள். முன்பல் ஒன்று உடைந்து விழுந்தது. அவர் ரத்தத்தோடு அதைத் துப்பிவிட்டு, இடுப்பில் கை வைத்து, அந்த வில்லன் சிரிக்கிற மாதிரியே சிரித்தார். அடித்தவர்கள் பயந்து ஓடினார்கள்.

“அடி வாங்குறது பெருசு இல்ல மச்சான். வாங்கிட்டு சிரிக்கணும்லா” என்று என்னிடம் சொன்னார்.

மனிதர்கள் போகிற போக்கில் சொல்வதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். இப்போது ஈப்போவில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும், சிவப்பு விளக்கு விழுந்தால் எழுதுவேன். அந்த நோட்டு வழக்கத்தின் முதல் வரியே அவர் சொன்ன இதுதான். என்ன ஒரு பேச்சு என்று பல வருசம் வியந்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே வாங்க வேண்டிய ஆள் என் அக்கா என்று அப்போது தெரியாது.

கல்யாணம் ஆகி, தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டதும், அவர்கள் குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்தார்கள். அவருக்குக் காவலாளி வேலை. அங்கேதான் ஆரம்பித்தது. கோபத்தில் சட்டென்று கை நீட்டுகிற ஆள் இல்லை அவர். முதலில் வசனம். நாற்காலியைச் சுற்றி ஒரு நடை. ஒரு புருவம் மட்டும் மேலே போகும். குழம்பில் உப்பு ஏன் கூடியது என்று தேன் தடவிய குரலில் கேட்பார். அதன் பிறகு தண்ணீர்க் குழாய்க்கு மாட்டும் ரப்பர் ஓஸ் இறங்கும். வசனமும் நடையும்தான் நடிப்பு. ஓஸ் நடிப்பு இல்லை.

ஒருமுறை அக்காவின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஒருமுறை இரண்டு விரல். கொதிக்கிற சோற்றுப் பானையைக் காலால் எத்திவிட்டதில் முழங்காலில் இருந்து பாதம் வரை தோல் வெந்து உரிந்தது. ஒவ்வொரு முறையும் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போவேன். அக்காவுக்கு மலாய் சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்பார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்பேன். பேராக் மாநிலத்திலேயே அந்த மாதிரி வழுக்குகிற குளியலறை வேறு இருந்திருக்காது. குடும்பம் கலைந்துவிடக் கூடாது என்று என் வாயும் வழுக்கிக்கொண்டே இருந்தது.

இந்த நேரத்தில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு தீபாவளிக்குப் பழைய நடிகர்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் படித்தார். அந்த ஒரு வாரமும் ஓஸ் சுவரிலேயே தொங்கியது. படித்து முடித்த மறுநாள் இறங்கியது. அடுத்து ஒரு புத்தகம் கொடுத்தேன். அதே மாதிரி. அக்காவே என்னிடம் மெல்லக் கேட்டாள், “வேற புத்தகம் இருக்கா தம்பி? இது இன்னும் பத்துப் பக்கம்தான் பாக்கி.”

நான் தேட ஆரம்பித்தேன். நடிகைகளின் வாழ்க்கைக் கதை, சண்டைக் கலைஞர்களின் பேட்டி, படத்தொகுப்பு, பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்துத் தைத்த கட்டு, எது கிடைத்தாலும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போ பழம்பொருள் சந்தை. மற்ற நாளில் முஸ்லிம் அண்ணன் ஒருவரின் புத்தகக் கடை. அவர் எனக்கென்று கனமான புத்தகமாகப் பார்த்து ஒதுக்கி வைப்பார். “மச்சானுக்காக இப்படி அலையிற ஆள நா பாத்ததே இல்ல” என்று கடைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார். நான் சிரித்து வைப்பேன். எந்தப் புத்தகத்தையும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன். பக்க எண் பெரிதாக இருக்க வேண்டும். சினிமா புத்தகத்தை இப்படி வாங்கியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்படித்தான் வில்லன்களின் புத்தகம் கிடைத்தது. அவருடைய தலைவருக்கே தனியாக ஓர் அத்தியாயம் இருந்தது. கொடுப்பதற்கு முன் அதை மட்டும் நான் படித்தேன். அதில், அந்தக் காலத்தில் படப்பிடிப்புத் தளத்தில் இருந்த ஒருவர் சொன்னதை எழுதியிருந்தார்கள். திரையில் அவர் சுழற்றும் சாட்டை உள்ளே பஞ்சு வைத்துத் தைத்ததாம். சத்தம் பிறகு சேர்த்ததாம். அடிக்கிற காட்சி முடிந்ததும் அந்த நடிகையிடம் போய்க் கைகூப்பி, தெரியாமல் பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளம்மா என்பாராம். வீட்டில் மனைவி ஒரு சொல் சத்தமாகப் பேசினால் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாராம்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை மச்சான் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் சொன்னால் கேட்காதவர், ஊரில் பெரியவர்கள் சொல்லியும் கேட்காதவர், தலைவர் சொன்னால் கேட்காமலா போவார். அந்தப் பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை அடையாளமாகச் செருகிக் கொடுத்தேன். ஒரு மனிதனைப் புத்தகம் திருத்திவிடும் என்று நம்புகிற அளவுக்கு நான் சினிமா பார்த்திருந்தேன்.

ஞாயிறு மதியம். சிம்பாங் பூலாயில் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. அக்கா பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, பின்னால் தட்டு உடைகிற சத்தம். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

கதவு திறந்தே கிடந்தது. அக்கா அடுப்படித் தரையில் சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தாள். இடது காதில் இருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கி ரவிக்கையை நனைத்திருந்தது. புத்தகம் பக்கத்தில் விரிந்து கிடந்தது, ஒரு மூலை நசுங்கி. அவர் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் என் பஸ் டிக்கெட்.

“பஞ்சாம் மச்சான்” என்றார். “என் தலைவன் பஞ்சாலதான் அடிச்சானாம். இவ அதப் படிச்சிட்டு சிரிக்கிறா.”

அக்கா சிரித்திருக்கிறாள். அது எனக்குப் பிறகு தெரிந்தது. அவர் படித்துவிட்டுப் புத்தகத்தை எறிந்திருக்கிறார். அவள் எடுத்து வைக்கப் போய், டிக்கெட் இருந்த பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறாள். பல வருசத்தில் முதல் தடவையாகத் தன்னை மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவர் புத்தகத்தைப் பிடுங்கி இரண்டு கையாலும் தூக்கி, அட்டையின் மூலை காதில் இறங்குகிற மாதிரி அடித்தார். விழுந்த பிறகு இன்னும் மூன்று முறை. அன்றைக்கு வசனம் இல்லை, நடை இல்லை, புருவம் இல்லை.

நான் கையில் இருந்த ஹெல்மெட்டால் அவர் முகத்தில் அடித்தேன். அவர் சுவாமி படத்துக்குக் கீழே போய் விழுந்தார். எழ விடவில்லை. மேலே உட்கார்ந்து மறுபடி அடித்தேன். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஹெல்மெட் கண்ணாடி உடைந்து என் உள்ளங்கையையே கிழித்தது. எத்தனை அடி என்று தெரியாது. கை வலிக்கவில்லை. நன்றாக இருந்தது. அதை மறைத்து எழுத முடியவில்லை என்னால், நன்றாக இருந்தது. அவர் உடைந்த பல்லோடு கீழே கிடந்தபடி அதே சிரிப்பைச் சிரித்தார். “போதாது மச்சான். இன்னும் ரெண்டு வை” என்றார். நான் வைத்தேன்.

பின்னால் இருந்து அக்காவின் குரல் வந்தது. சத்தமாக இல்லை.

“நீயும் அவர மாதிரியே மூஞ்ச வெச்சிக்கிட்டு அடிக்கிற.”

கை நின்றுவிட்டது.

“ரெண்டு பேரும் படம் காட்டுனது போதும். எழுந்திரு. என்னைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போ.”

கிளினிக்குக்கு என்று சொல்லியிருந்தால் எனக்குப் பழக்கம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ரத்தம் பட்ட புத்தகத்தை எடுத்துத் துண்டில் சுற்றிவிட்டாள். இன்னொரு துண்டைத் தலையோடு காதைச் சேர்த்துக் கட்டினாள். வண்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்தபோது புத்தகம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் நசுங்கிய மூலை என் முதுகில் குத்தியது.

போலீஸ் நிலையத்தில் இருந்தது ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. என் மகள் வயதுதான் இருக்கும். அக்கா துண்டைப் பிரித்துப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். அதிகாரி ஏதோ கேட்டது அக்காவுக்குக் கேட்கவில்லை. அந்தக் காது போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலது காதுப் பக்கம் குனிந்து, எப்படி நடந்தது என்று கேட்கிறார்கள் என்றேன். என் தொண்டைக்குள் குளியலறை வந்து நின்றது. பல வருசம் சொல்லிப் பழகிய சொல், தானாகவே வெளியே வரப் பார்த்தது.

அதிகாரி அதற்குள் புத்தகத்தைத் திறந்துவிட்டார். ரத்தத்தில் ஒட்டியிருந்த பக்கம் தானாக விரிந்தது. மீசையும் சாட்டையுமாக அந்த வில்லன் முழுப் பக்கத்துக்கு நின்றார். அதிகாரி அந்தப் படத்தில் விரலை வைத்து, அடித்தது இந்த ஆளா என்று கேட்டார். கேலியாக இல்லை, எழுதிக்கொள்ளப் பேனாவோடுதான் கேட்டார்.

நான் அதை அக்காவின் காதில் சொன்னேன். அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இல்ல. இவுரு நல்லவரு. பஞ்சாலதான் அடிப்பாரு. அடிச்சவன் வீட்டுல கிடக்கான். முப்பது வருசமா அடிக்கிறான். குளியலறையில விழுந்தேன்னு என் தம்பி சொன்னது பூரா பொய். இத அப்படியே சொல்லு தம்பி. ஒரு சொல்லு குறையக் கூடாது.”

அதிகாரி பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் சொன்னேன். ஒரு சொல் குறையாமல், என் பொய் உட்பட. மச்சானின் மூக்கை நான் உடைத்ததையும் சேர்த்தே சொன்னேன். அதற்கு எனக்கும் ஒரு வழக்கு நடக்கிறது, நடக்கட்டும். அக்கா கையெழுத்துப் போட்டாள். அவள் பெயரை எழுதிப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஒவ்வோர் எழுத்தாகக் குத்தி, தாள் கிழிகிற மாதிரி எழுதினாள்.

இப்போது அக்கா என் வீட்டில் இருக்கிறாள். அவள் பக்கத்தில் அவர் வரக் கூடாது என்று கோர்ட் உத்தரவு. புத்தகம் வழக்கு முடியும் வரை போலீசிடம். குனோங் ராபாட்டில் தனியாகத்தான் இருக்கிறார். போன மாதம் புத்தகக் கடை அண்ணன் மூலமாகச் சொல்லி அனுப்பினார், புதிதாகப் புத்தகம் ஏதும் வந்ததா என்று. அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. பாவம், கனமாக ஒன்றை எடுத்தும் வைத்துவிட்டார். வேண்டாம் அண்ணே, அவர் இப்போது படிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை வருசமும் அவரை ‘அவர்’ என்றுதான் சொல்லி வந்தேன். அக்கா நிறுத்திவிட்டாள். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அன்று கடையில் இருந்து வீட்டுக்கு வந்ததும் அக்கா மீன் அலசிக்கொண்டே கேட்டாள், “அந்தப் பொஸ்தகத்துல அவுரு மன்னிப்பு கேட்டாருன்னு போட்டிருந்துச்சே. அந்தம்மா என்ன சொல்லிச்சாம்?”

யோசித்துப் பார்த்தேன். அந்த அத்தியாயம் எனக்கு மனப்பாடம். அவர் கைகூப்பியது இருந்தது, நல்ல மனசு என்று எல்லாரும் புகழ்ந்தது இருந்தது. அந்த நடிகை என்ன சொன்னார் என்று இல்லை. பெயர்கூட இல்லை.

“அது எழுதலக்கா.”

“அவளப் போயி யாரும் கேட்டிருக்க மாட்டாங்க” என்றாள்.

அப்போது சிம்பாங் பூலாய் மலையில் கல்லுக்கு வெடி வைத்தார்கள். சன்னல் கண்ணாடி நடுங்கியது. அக்கா எந்தப் பக்கம் சத்தம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். பிறகு வலது காதை என் பக்கம் வைத்துக்கொண்டு, மீனை அலசியபடியே, அந்தக் காலத்து நடிகைகள் தாங்களே சொன்ன புத்தகம் இருந்தால் வாங்கிக்கொண்டு வா என்றாள். “மெல்லிசா இருந்தாலும் பரவால்ல” என்றாள்.