வேர்ப் பவுடரும் மாமாவின் இருமலும்

கன்றுக்கடையில் கன்றுகள் பேசாமல் வளரும். வாங்க வருகிறவர்கள்தான் பேசிப் பேசி நம்மை வாட வைப்பார்கள். எந்தக் கடையிலாவது கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கி வயிறு நொந்தவர்களே, இது உங்களுக்குத்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, மதுரங்குளிச் சந்திக்குப் பக்கத்தில் அன்சார் மாமாவின் கடையில் நிற்கிறேன். கன்று விற்பது என் வேலை. வந்து போகிற எல்லாருடைய குரலிலும் பேசுவது என் வியாதி. மாமாவின் குரல் மிக லேசு: ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு "க்ஹும்" போட்டால் போதும்.

ஓமா, ஓமோனா?

தென்னந்தோட்டக்காரர் ஒருவர் வேர்ப் பவுடர் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன சாமான் மகன்?"

"ஓமோன்."

"ஓம், ஓம். என்ன சாமான் என்டுதான் கேக்குறன்."

மூன்று தடவை "ஓமோன்" என்றேன். நான் ஆமாம் போடுவதாக நினைத்து, மூன்று தடவையும் "ஓம்" என்றார். கடைசியில் எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான சேரின் மூக்குக் குரலை எடுத்தேன். வெட்டி நட்ட தடியில், மரம் தானாகச் சுரக்கிற ஓமோன் அடிப்பக்கம் இறங்கும், அங்கே கலங்களைப் பிரியச் சொல்லும், பிரிந்தவை வேராகும், பவுடர் அந்த வேலையைத் துரிதப்படுத்தும் என்று ஒப்பித்தேன். அமைதியாகக் கேட்டவர் டப்பாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப மரத்துக்கிட்ட ஏற்கனவே ஈக்கிற சாமானத்தானே டப்பால போட்டு எனக்கு விக்கிறீங்க?"

இரண்டு பக்கமும்

கடலுக்குப் போகிற நஸார் நானா, பவுடர் தொட்ட பக்கம் வேர் வரும் என்று நான் சொன்னதை முழுசாக நம்பிவிட்டார். ரோசாத் தடிகளுக்கு அடியிலும் தொட்டு, நுனியிலும் தொட்டு நட்டிருக்கிறார். ஒரு மாதம் கழித்துத் தடியோடு வந்தார். அடியில் வேர், நுனியில் தளிர். தடிக்குத் தன் அடி எது, நுனி எது என்று தெரியும், வேர் கீழேதான் வரும் என்று விளக்கினேன்.

"ரெண்டு பக்கமும் வேர் வந்தா நடுவால வெட்டி ரெண்டு கன்டாக்கலாம் என்டு நெனச்சன் தம்பி. இந்தத் தடிக்கு என்னை விட மூளை ஈக்கிது!"

க்ஹும்

மாமா லுஹர் தொழப் போயிருந்த நேரம் ரெலிபோன் அடித்தது. ஜெஸீமா தாத்தா. எங்கள் பக்கம் அண்ணன் நானா, அக்கா தாத்தா; இவர் தெருவுக்கே தாத்தா. மகளுக்குக் கல்யாணம்; வீட்டோடு ஓர் அறை கட்ட வேண்டும். அத்திவாரம் போகிற இடத்தில்தான் அவருடைய மாதுளை நிற்கிறது. மேசன் வருவதற்குள் தடி வெட்டிக் கன்றாக்கிவிடத் துடித்தார். எடுத்தது மாமா என்றே நினைத்தார். "இந்த மாதுளை போனா வேற இல்ல நானா. பவுடர் எவ்வளவு போடுற?"

மாமாவின் சட்டம்: அடியை லேசாகத் தொட்டு, தட்டிவிடு. என் நாக்கோ சும்மா இருக்கவில்லை. "க்ஹும். மீனுக்கு மா பிரட்டுற மாதிரி நல்லாப் பிரட்டு தங்கச்சி." அவர் சிரிப்பார், நானும் வெளிப்படலாம் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை, இதை மட்டும் சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டார்: "நீங்க சொன்னாச் சரிதான் நானா, முழு டப்பாவையும் பிரட்டிர்றன்." அதையும் பகிடியாக எடுத்துக்கொண்டு நான் விட்டுவிட்டேன்.

கட்டி

ஒரு மாதம் கழித்து ஜெஸீமா தாத்தா மாதுளைத் தடிகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தடியின் அடியிலும் கடலையளவில் கட்டி. வேர் ஒன்றுகூட இல்லை. மேசன் வர இன்னும் இரண்டு நாள்தான்.

"கூடிப்போனாக் கலமெல்லாம் கண்டபடி பிரிஞ்சு கட்டியாகி நிக்கும், வேராக மறந்துபோகும்," என்றார் மாமா. "ஆரு இவ்வளவு போடச் சொன்ன?"

"நீங்கதானே நானா! இருமி இருமிச் சொன்னீங்களே!"

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "க்ஹும். இப்ப உன்ட குரல்ல சொல்லு."

என் குரல்

சொன்னேன். ஜெஸீமா தாத்தா ஏசவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். அதற்கு ஏசியிருக்கலாம். அடுத்த நாள் காலையிலேயே அவர் வீட்டில் நின்றேன். அந்த மாதுளையிலிருந்து புதிதாக நாற்பது தடி. தொட்டேன், தட்டினேன், நட்டேன். அதற்கு மறுநாள் மேசன் வந்தார், மரம் போனது. தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு கடையின் நிழல்வலைக்குள் அந்தத் தடிகளுக்குத் தண்ணீர் தெளித்தேன், யாருடைய குரலும் எடுக்காமல்.

ஆறாவது வாரம் ஒரு தடியை மெல்லக் கிளப்பினேன். சேமியா மாதிரி வெள்ளை வேர்கள். பார்க்க வந்திருந்த ஜெஸீமா தாத்தா "மாஷா அல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டார். இனி எப்படி மாற்றி நடுவது, எவ்வளவு வெயில் காட்டுவது என்று மிக ஒழுங்காக விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு நம்பிக்கை வருதில்ல மகன், அத உங்கட மாமாட குரல்ல ஒருக்காச் சொல்லுங்க!"

இப்போதெல்லாம் ரெலிபோன் எடுத்ததும் முதலில் என் பெயரைத்தான் சொல்கிறேன், மறுமுனையில் இருப்பவர்கள்தான் மாமா என் குரலில் பேசுவதாக நினைத்து "நானா, பகிடி விடாதீங்க" என்கிறார்கள்.