மகள் கேட்ட டென்ட்

போர்வெல் ரிக் வண்டியில் மேனேஜராக இருக்கிறேன். வருடத்தில் பாதிக்கு மேல் வடமாநிலங்களில், ஏதோ ஒரு காட்டோரம் தனி டென்ட்டில்தான் என் படுக்கை.

ஒரு காலாண்டு விடுமுறையில் திருச்செங்கோட்டுக்கு, வீட்டுக்கு வந்திருந்தேன். கொல்லிமலையில் டென்ட் போட்டுத் தங்கலாம் என்றாள் மகள்.

"டென்ட்டே வேண்டாஞ்சாமி, கட்டில்ல படுக்கோணும்" என்று காட்டேஜ் எடுத்தேன். நான், மனைவி, மகள் என்று ஆளுக்கொரு கட்டிலில் தூங்கினோம்.

திரும்பும் பஸ்ஸில் மகள் சொன்னாள்: "நீங்க அங்க எப்படித் தூங்குவீங்கன்னு பாக்கலாம்னுதானுங்கப்பா கேட்டேன்."

 

இப்போதெல்லாம் எங்கே சுற்றுலா போனாலும் டென்ட்தான். மூவரும் இடித்துக்கொண்டு படுக்கிறோம். வடக்கே திரும்பிய பிறகும், என் டென்ட்டில் ஓரமாகத்தான் படுக்கிறேன். மீதி இடம் அப்படியே கிடக்கிறது.