பெரிய மேசை

தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜ் மாடியில் கோலால் பந்தைத் தட்டிக் குழியில் தள்ளி ஆடும் சின்ன பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று கிடந்தது. வேங்கிக்காலில் ஆபீஸ் முடிந்ததும் நானும் என் பக்கத்து இருக்கை நண்பனும் அங்கே போய்விடுவோம். ஊரில் அவனை ஜெயிக்க ஆளில்லை. அந்தத் தைரியத்தில் சென்னையில் நடந்த ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தான். துணைக்கு நானும் போனேன்.

அங்கிருந்த மேசையைப் பார்த்ததுமே அவன் முகம் வாடிவிட்டது. எங்கள் மேசையைவிட நீளமும் அகலமும் அதிகம். எங்கள் ஊரில் லேசாகத் தட்டினாலே குழியில் விழும் பந்து இங்கே பாதி வழியில் நின்றது. ஓங்கி அடித்தால் குழியின் விளிம்பில் மோதித் திரும்பியது. முதல் ஆட்டத்திலேயே தோற்றான்.

ஜெயித்தவர் கை கொடுத்தார். "கை நல்லா இருக்குங்க. பெரிய டேபிள்ல ஆடிப் பழகுங்க."

எங்கே போய்ப் பழகுவது? ஊர் திரும்பும் பஸ் செஞ்சியைத் தாண்டியதும், "நான் அந்தச் சின்ன டேபிளுக்குத்தான்டா லாயக்கு" என்றான்.

ஊருக்கு வந்த பிறகு சின்ன மேசையும் அவனுக்குக் கைகூடவில்லை. பெரிய மேசைக்கான வேகத்தில் அடித்தான். பந்துகள் துள்ளி வெளியே விழுந்தன. கொஞ்சம் கொஞ்சமாக வருவதை நிறுத்திவிட்டான்.

பௌர்ணமிக் கூட்டம் பெருகியதும் லாட்ஜ்காரர் மேசையை எடுத்துவிட்டுக் கட்டில்கள் போட்டார். ஆபீஸில் அவனிடம் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு" என்றான், பைலிலிருந்து தலையைத் தூக்காமல்.