முனை போச்சு

என் தங்கையை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். செருப்புக் கடையில் வேலை. வருகிற கால்களைப் பற்றி அவள் அளக்கிற கதைகளைக் கேட்டு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். போன வருடம் அந்த வாய் மெல்ல மெல்ல அடைத்துப்போனது. கடைக்குப் போவதை நிறுத்தினாள். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டாள். அவள் கை கழுவும்போது அம்மா பார்த்துவிட்டாள். தங்கை தன் கையைத் தானே காயப்படுத்தியிருந்தாள்.

கூர்மையான எல்லாவற்றையும் என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் அறையில் சத்தம் நின்றால் போய்க் கதவைத் தட்டுவேன். டாக்டர் மருந்தோடு படமும் வரையச் சொன்னார். படம் போட்டால் சரியாகிவிடுமா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தேன்.

அவள் கால்களாக வரைந்தாள். வெடித்த குதிகால், ஆணி விழுந்த பாதம், மடங்கிய சுண்டுவிரல். மனசு மோசமாகிற நேரத்தில் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டால், கை அதிலேயே ஓடி அடங்கும். பென்சில் சீவ மட்டும் என்னிடம் வரவேண்டும். "அண்ணா, முனை போச்சு" என்பாள். சீவுகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். நான் சீவினால் பாதிப் பென்சில் குப்பைக்குப் போகும். ஒருநாள் அதைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள்.

பிறகு அவள் வண்ணத்துக்கு மாறினாள். தூரிகை, தண்ணீர். பென்சில்களைப் பரணில் போட்டோம். அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்த அம்மா மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். ஒரு மதியம், கூட்டத்துக்கு நடுவில் அவளிடமிருந்து போன்.

"அண்ணா, முனை போச்சு."

சாயங்காலம் வந்து சீவித் தருவதாகச் சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த லென்ஸைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. எந்தப் பென்சில்?

திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. முதலாளி கத்தியது காதில் விழுந்தும் நிற்கவில்லை. வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு ஓடினேன். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. போன் மேசைமேல் இருந்தது. உள்ளறைக் கதவைத் தள்ளக் கை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். யாரும் இல்லை.

"தம்பி, இங்கதான் இருக்கா" என்று எதிர்வீட்டு டீச்சர் கூப்பிட்டார்.

அவர் வீட்டு நாற்காலியில், அவர் கையைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஓடிவந்த வேகத்தில் எனக்குக் கோபம்தான் முந்தியது.

"வீட்ல பென்சிலே இல்லையேடி."

"பென்சிலுக்கு இல்லண்ணா, எனக்குத்தான். தனியா இருந்தா ஏதாவது பண்ணிக்குவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான் இங்க வந்துட்டேன்."

இத்தனை நாளில் அவள் வாயால் அதைச் சொன்னது அன்றுதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். அவள் தலையாட்டினாள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். மணி அடிக்கும்போதே அவள் கையை நீட்டினாள்.

"கொடுண்ணா. நானே பேசுறேன்."