முதலில் என் முழங்கைதான் நடித்தது

நான் சினிமாவில் நடிக்கப் போனபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் கிருஷ்ணன்கோவில் பக்கம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் அவளை காலேஜ் பஸ் ஏற்றிவிட்டு நான் ராஜபாளையம் பஸ்ஸுக்கு ஓடுவேன். இதில் சினிமாவுக்கு எங்கே இடம்? ஆனால் அது கடைக்குள்ளேயே நடந்து வந்தது, ஒரு உதவி இயக்குநர் உருவில்.

மெலிந்த ஆள், முதுகில் பை, கையில் வைத்த போன் ஒலித்துக்கொண்டே இருந்தது. கிராமத்துப் பெண்கள் கட்டுகிற மாதிரி நிறையச் சேலை வேண்டும் என்றார். எதைக் காட்டினாலும், "இது வேணாங்க, இது ஒரு மாதிரி இருக்கு" என்று தள்ளினார். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு சேலையாக என் தோளில் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன்.

"இந்தா பாருங்க தம்பி, இது மாமியாகிட்ட சண்ட போடுதவளுக்கு" என்று ஒன்றைப் போட்டு இடுப்பில் கை வைத்தேன். "இது அந்தச் சண்டைய வேடிக்க பாக்கவளுக்கு" என்று இன்னொன்றைப் போட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டேன். "இது, சண்டையே தெரியாத மாதிரி தண்ணி எடுக்கப் போறவளுக்கு. ஆனா காது மட்டும் இங்கதான் இருக்கும்."

அவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். சேலையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"அக்கா, நாளைக்கு தேவதானத்துல ஷூட்டிங். நீங்களும் வாங்களேன்."

"நான் எதுக்கு? சேல கட்டிவிடவா?"

"நடிக்கிறதுக்கு."

எனக்குப் பக்கத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்த என் தோழி அப்படியே மடிப்பைக் கீழே போட்டாள். "யக்கா, கேட்டியா? ஒன்னய நடிக்கக் கூப்பிடுதாவ!" என்று அவள் கத்தியது கீழ்த்தளத்தில் வேட்டி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வரை கேட்டது.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். "ஏட்டி, வெளையாடுதியா?" என்றார். நிஜம் என்று தெரிந்ததும் என்னைவிட அவருக்குத்தான் பரபரப்பு. மறுநாள் விடிந்ததும் லோடு ஆட்டோவைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார். அன்றைக்கு வந்த லோடை வேறு ஆளிடம் தள்ளிவிட்டு, என்னைத் தேவதானத்துக்கு அவரே கூட்டிப் போனார்.

மலையடிவாரத்தில் வயல். வரப்பில் பெண்கள் கூட்டமாக ஓட வேண்டும். ஊரில் அடிதடி என்று கேள்விப்பட்டு ஓடுகிறோம், அவ்வளவுதான் விஷயம். "ஆக்‌ஷன்" என்று குரல் வந்ததும் ஓடினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். திரும்பப் போய் நிற்கச் சொன்னார்கள். மறுபடி ஓடினோம். ஒரு தடவை முன்னால் ஓடியவள் வழுக்கி விழுந்தாள், ஒரு தடவை கொக்கு ஒன்று குறுக்கே பறந்தது, ஒரு தடவை ஏன் நிறுத்தினார்கள் என்றே தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் என் மனதில் ஒரு கதை வைத்துக்கொண்டேன். அடிபட்டது என் தம்பி என்று நினைத்து ஓடினேன். அப்புறம் அடித்ததே என் தம்பி என்று நினைத்து ஓடினேன். அதில் கால் இன்னும் வேகமாகப் போனது. யாரும் என்னிடம் அதைக் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அன்று வீடு திரும்பும்போது உடம்பெல்லாம் சேறு, மனசு மட்டும் இறங்கவே மாட்டேன் என்றது.

படம் வந்ததும் ராஜபாளையத்துத் தியேட்டரில் நாங்கள் ஒரு வரிசையையே பிடித்துவிட்டோம். வீட்டுக்காரர், மகள், கடையிலிருந்து தோழியும் மற்றவர்களும். வரப்புக் காட்சி வந்தது. மகள் "அம்மா!" என்று வீறிட்டாள். நான் எங்கே எங்கே என்று தேடுவதற்குள் வரப்பும் இல்லை, வயலும் இல்லை, கதாநாயகன் அருவியில் குளித்துக்கொண்டிருந்தான்.

பிறகு அந்தப் படம் போனில் பார்க்கக் கிடைத்தபோது, மகள் காட்சியை நிறுத்தி, பெரிதாக்கி, விரலை வைத்துக் காட்டினாள். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை. ஜாக்கெட் கையில் நானே ஒட்டுப்போட்டுத் தைத்த இடம் தெரிந்தது. சந்தேகமே இல்லை, நான்தான். முகம் முன்னால் ஓடியவளின் கொண்டைக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"முழங்கை நல்லா நடிச்சிருக்குமா" என்றாள் மகள். வீட்டுக்காரர் அந்த முழங்கைப் படத்தைத் தன் போனில் வாங்கிக்கொண்டு, ஆட்டோ ஸ்டாண்டில் ஒவ்வொருவரிடமும் காட்டினார். முழங்கையைப் பார்த்து என்ன சொல்வார்கள் பாவம். "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றிருக்கிறார்கள்.

அந்த உதவி இயக்குநர் என் நம்பரை நாலு பேரிடம் கொடுத்திருந்தார். எங்கள் பக்கம் எந்தப் படம் எடுக்க வந்தாலும் கூப்பிட ஆரம்பித்தார்கள். கடை முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "போய்ட்டு வாம்மா. தீபாவளி நேரத்துல மட்டும் லீவு கேக்காத." ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவளாக நடித்தேன், படத்தில் மங்கலாக, பனிமூட்டத்துக்குள் இருப்பது போலத் தெரிந்தேன். ஒரு சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கச் சொன்னார்கள். தாயைப் பறிகொடுத்தவள்போல மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். பிணமாகப் படுத்திருந்த நடிகர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அக்கா, செத்த மெதுவா. எனக்கே பயமா இருக்கு" என்றார். அவர் எங்கள் ஊர்க்காரர்தான். அதற்கப்புறம் எனக்கு அழுகை வருவதற்குப் பதில் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினேன். இயக்குநர், "அருமையா அழுறாங்க" என்று பாராட்டினார்.

பிறகுதான் வசனம் கிடைத்தது. முதல் வசனம்! கிருஷ்ணன்கோவில் ரோட்டில் ஓடும் பஸ்ஸில் கதாநாயகன் நிலை தடுமாறி என் மேல் விழ, நான் திட்ட வேண்டும். எழுதிக் கொடுத்ததை நாக்கு ஏற்கவில்லை. "நீ எப்பிடித் திட்டுவியோ அப்பிடியே திட்டும்மா" என்று இயக்குநர் விட்டுவிட்டார்.

பஸ் பிரேக் போட்டது. அவர் விழுந்தார். "ஏலே, கம்பியப் பிடிச்சு நில்லுலே! எம் மடிதான் ஒனக்கு சீட்டா?" என்றேன். கதாநாயகன் உட்பட பஸ்ஸே சிரித்துவிட்டது. "இன்னொண்ணு போகலாம். யாரும் சிரிக்காதீங்க" என்றார்கள். இன்னொன்று போனோம். அது சரியாக வந்தது. அன்றைக்கு வீட்டில் சமையல் செய்யும்போதும் அதே வசனத்தைச் சட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்துக்கும் அதே தியேட்டர், அதே கூட்டம். இந்தத் தடவை முகம் முழுசாக வந்தது. திரை முழுக்க என் முகம்! மூக்குத்தி ஒரு தட்டு அளவுக்கு இருந்தது. விசில் அடிக்கத் தோழி விரலை வாயில் வைத்துவிட்டாள். திரையில் நான் வாயைத் திறந்தேன். "ஏம்ப்பா, கம்பிய பிடிச்சுக்கினு நில்லுப்பா. என் மடியா உனக்கு சீட்டு?" என்று ஏதோ ஒரு பெண்ணின் கீச்சுக்குரல், மெட்ராஸ் பேச்சில் வந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். "ஏட்டி, இது யாரு? ஒன் வாய்க்குள்ள ஒக்காந்து யாரோ பேசுதா!" என்று தியேட்டரே கேட்கும்படி சொன்னார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. முழங்கை மட்டும் தெரிந்தபோதுகூட இப்படி இல்லை. அது என்னுடைய முழங்கை. இதில் முகம் என்னுடையது, பேசுவது யாரோ.

அடுத்ததாக வந்த இயக்குநர் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் படம்பிடித்தார். மணப்பெண்ணுக்குச் சித்தி வேடம் என்றார். ஒரே ஒரு காட்சி, ஆனால் கல்யாணத்தையே நிறுத்துகிற காட்சி. நான் முதலில் சம்மதம் சொல்லவில்லை. "சார், நான் பேசுனா என் குரல்தான் வரணும். அது முடியும்னா நடிக்கேன்" என்றேன். முழங்கையிலிருந்து அப்போதுதான் மூஞ்சிக்கு வந்திருக்கிறேன், அதற்குள் நிபந்தனை! அவர் சிரிக்கவில்லை. "சென்னைக்கு வந்து டப்பிங் பேசணும். வருவீங்களா?" என்றார். "வாரேன் சார்" என்றேன்.

மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும். தாலி கட்டப்போகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா, பெண் இனி வேலைக்குப் போகக் கூடாது என்கிறார். பெண்ணின் அப்பா தலை குனிகிறார். கூட்டத்திலிருந்து சித்தி எழுந்து வருகிறாள்.

"நிறுத்துங்க மேளத்த!" என்றேன். மேளக்காரர்கள் நிஜமாகவே எங்கள் பக்கத்து மேளக்காரர்கள். திடுக்கிட்டு நிறுத்தினார்கள்.

"தாலி கட்டுத நேரத்துல சொல்லுதீக. பொண்ணு பாக்க வந்தீகளே, அப்ப எங்க வச்சிருந்தீக இந்த வாய? எங்க வீட்டு சொஜ்ஜிய அடைச்சு வச்சிருந்தீகளோ?"

எனக்குக் கொடுத்த வசனம் அத்தோடு முடிந்தது. "கட்" வரவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மணப்பெண்ணாக நடித்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. எனக்குப் பந்தி ஞாபகம் வந்தது. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தேன். "பந்தியில ஒக்காந்தவுக யாரும் எந்திரிக்க வேண்டாம். வயிறார சாப்பிட்டுப் போங்க. சாப்பாடு எங்க வீட்டுது, அதுல ஒரு கொறையும் இல்ல. மாப்பிள்ள வீடு மட்டும் வண்டியக் கெளப்பட்டும்" என்றேன். பெண்ணின் கையைப் பிடித்தேன். "வாட்டி, நீயும் சாப்புடு. காலையில இருந்து பட்டினி."

அப்போதுதான் "கட்" என்று கேட்டது. இயக்குநர் மானிட்டர் முன்னாலிருந்து எழுந்து ஓடி வந்தார். "மறந்தே போச்சும்மா. கட் சொல்லணும்கிறதே மறந்துபோச்சு" என்றார். மண்டபமே கை தட்டியது.

அந்தச் சந்தோஷத்துக்கெல்லாம் சேர்த்து சென்னையில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். டப்பிங் அறையில் இருட்டு, எதிரே திரை, முகத்துக்கு நேராக மைக். காதில் ஹெட்போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிற பெண்ணும் என் வீட்டுக்காரரும். மண்டபத்தில் தானாக வந்ததை இப்போது உதட்டசைவுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். நான் பேசுவதற்குள் திரையில் இருந்த நான் வாயை மூடிவிடுவேன். வேகமாகப் பேசினால் திரையில் இருப்பவளுக்கு முன்னால் நான் முடித்துவிடுவேன். நேரம் ஓடியது. திரையில் நின்ற அவளை யாரோ பக்கத்து ஊர்க்காரியைப் போல முறைத்துக்கொண்டு நின்றேன். இதுக்குத்தான் வேறு குரல் போடுகிறார்கள்போல என்று கூடத் தோன்றியது.

ஒலிப்பதிவுப் பெண் உள்ளே வந்தாள். "அக்கா, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க. மண்டபத்துல அப்படியா நின்னீங்க?"

"இல்லம்மா. அங்கன நடந்து வந்தேன், கைய நீட்டுனேன்."

"அப்ப இங்கயும் நீட்டுங்க. வளையல் சத்தம் மட்டும் மைக்ல விழும், அதைக் கழட்டிருங்க."

வளையலைக் கழற்றி வைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகினேன். நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைத்து, "நிறுத்துங்க மேளத்த!" என்று கையை வீசினேன். வாயும் குரலும் ஒன்றாகச் சேர்ந்த அந்த நொடி எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்புறம் நிற்கவே இல்லை. சொஜ்ஜி வந்தது, பந்தி வந்தது, பட்டினி வந்தது. கடைசி வார்த்தை முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை. வாய் மட்டும் "ஏட்டி, ஏட்டி" என்று அசைந்தது.

படம் வெளியான அன்று "நிறுத்துங்க மேளத்த" என்ற இடத்தில் தியேட்டரில் பெண்கள் கத்திய கத்தலில், அதற்கடுத்த வசனம் எனக்கே கேட்கவில்லை. பந்தி வசனத்துக்குச் சிரித்துக்கொண்டே அழுதார்கள். படம் விட்டு வெளியே வந்தால் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இப்பிடி ஒரு சித்தி இல்லாமப் போச்சே" என்றாள். அந்தப் பிடியை இன்றைக்கும் கையில் உணர்கிறேன். ஒரு வாரத்துக்குள் அந்தக் காட்சி எல்லோர் போனிலும் ஓடியது. பஸ்ஸில் கண்டக்டர் "சித்தி, முன்னால வாங்க" என்றார். கடையில் சேலைப் பிரிவுக்குக் கூட்டம் படியேறியது. எடுத்தார்களோ இல்லையோ, என்னை ஒரு தடவை பேசச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "தீபாவளிக்கும் லீவு எடுத்துக்கோம்மா. ஆனா போட்டோ ஒண்ணு பெருசாக் குடு, வாசல்ல வைக்கணும்" என்றார்.

கூட்டத்துக்கு நடுவில்தான் அந்தப் போன் வந்தது. ஒரு புதுப் படம். படம் முழுக்க வருகிற வேடம், இன்ஸ்பெக்டர். சேலை அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன்.

"ஜீப் ஓட்டுவீங்களாம்மா?" என்று கேட்டார்கள்.

"ஓட்டுவேன் சார்" என்றேன். அதுவரை சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை.

மறுநாள் விடிகாலையில் வத்திராயிருப்பு ரோட்டில் என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவின் கைப்பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு ஓரமாக ஒட்டிக்கொண்டார். "ஜீப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா ரோட்டப் பாத்துப் பழகு. கிளட்ச பைய விடுட்டி, பைய" என்றார். நான் பைய விடவில்லை. வண்டி ஒரு துள்ளுத் துள்ளி ஓடியது. பின்னால் சரக்குப் பெட்டியில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மகள், கம்பியைப் பிடித்துக்கொண்டு "போம்மா, போ!" என்று கத்தினாள். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு ரோட்டுக்கு வந்து பார்த்தார்கள். யாரோ ஒருவர், "ஏய், சித்தி ஓட்டுதாவ! ஒதுங்குங்கப்பா!" என்றார். எனக்குப் பிரேக் எங்கே இருக்கிறது என்பது தெரியும். பிடிக்கத்தான் மனசு வரவில்லை.