அலமாரித் தட்டில் ஒரு டிராம்

பெண் பார்க்கப் போன இடத்தில் நான் பெண்ணைப் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் எங்கள் சொந்தக்காரர்களில் யாராவது சொல்லிவிடுவார்கள், இன்னும் மோசமாக. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன் என்றாலாவது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அதுவும் கிடையாது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவர்கள் வீட்டு அலமாரித் தட்டில் பாத்திரங்களுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். காபித் தட்டோடு வந்த பெண் சரியாக அதற்கு முன்னால் நின்றாள்.

"கொஞ்சம் அக்கட்டால தள்ளி நில்லுங்க" என்றேன்.

அவளிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கு முப்பது தாண்டியிருந்தது. கோயமுத்தூரில் பம்புசெட் செய்கிற ஒரு கம்பெனியில் பில் போடுகிற வேலை. மற்ற நேரமெல்லாம் இங்கிலாந்தில் அறுபதுகளில் வாராவாரம் வந்து, விற்காமல் செத்துப்போன சித்திரக்கதை இதழ்களைத் தேடிச் சேர்ப்பது, சேர்த்ததைப் பற்றிக் குறிப்பெழுதுவது. நல்ல வீரர்களும் துப்பறிவாளர்களும் வருகிற பிரபலமான இதழ்களை ஊரில் எத்தனையோ பேர் சேர்த்தார்கள். எனக்கு அவை வேண்டியிருக்கவில்லை. ஓராண்டுகூட ஓடாத இதழ், எழுதியவன் பெயரும் வரைந்தவன் பெயரும் போடாத கதை, அதை அச்சடித்தவர்களே மறந்துவிட்ட ஒன்று, அதுதான் வேண்டும். உலகத்தில் யாருக்கும் தேவைப்படாத ஒரு துறையில் முதல் ஆளாக இருப்பது எவ்வளவு சுலபம் என்பதை நான் இளம் வயதிலேயே கண்டுகொண்டேன்.

இவையெல்லாம் கொங்கு நாட்டுக்கு எப்படி வந்தன என்று கேட்டால், குப்பையாக வந்தன. நம் பக்கத்து அட்டை மில்களுக்குக் கூழாக்குவதற்காக வெளிநாட்டுக் கழிவுக் காகிதம் கட்டுக் கட்டாக வரும். வழியில் சில கட்டுகள் எப்படியோ பிரிந்து பழைய பேப்பர் கடைகளில் எடைக்கு விற்பனைக்கு வந்துவிடும். எங்கோ ஒரு ஆங்கிலேயத் தாய் பரணைச் சுத்தம் செய்திருப்பாள். அவள் மகனின் பிள்ளைப்பிராயம் கப்பலேறி, லாரியேறி, உக்கடத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் வந்து விழும். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குத்தவைத்து உட்கார்ந்திருப்பேன்.

கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "ஏனுங்க, வாராவாரம் பொம்மைப் பொஸ்தகத்துக்கே வாறீங்களே, ஊட்டுல கொழந்தைங்க எத்தனைங்க?"

"இன்னும் கல்யாணமே ஆகலீங்க."

"அதானுங்க" என்று சொல்லிவிட்டுத் தராசைத் துடைக்கப் போய்விட்டார்.

குறிப்பெழுத எனக்குத் தடித்த அட்டைகள் தேவைப்பட்டன. நண்பர்களின் கல்யாணப் பத்திரிகைகளை நடுவில் வெட்டி, பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். ஒரு பக்கம் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி, மறுபக்கம் இதழின் பெயர், வந்த காலம், கதைச் சுருக்கம், வரைந்தவரைப் பற்றிய என் யூகம். கையெழுத்தில்லாத ஓவியர்களை அவர்கள் வரையும் செருப்பை வைத்தும் விரலை வைத்தும் அடையாளம் கண்டு நானே பட்டப்பெயர் வைத்திருந்தேன். அம்மாவுக்கு இந்த அட்டைப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. "ஊர்ல இருக்கிற அத்தனை பேரு பத்திரிகையும் இந்தப் பொட்டியில கெடக்குது. உன்ற பத்திரிகை ஒண்ணுதான் இல்லை" என்பார்.

அந்தப் பெட்டியில் எனக்கு மிகப் பிரியமான அட்டை ஒரு டிராம் வண்டியைப் பற்றியது.

கதை இவ்வளவுதான். ஒரு பழைய ஊர். சாயங்கால மூடுபனியில் ஒரு மஞ்சள் டிராம் தண்டவாளத்தை விட்டு வேறெங்கோ திரும்பிவிடுகிறது. உள்ளே மீன் பொட்டலத்தோடு ஒரு கிழவி, ஊதுகுழல் பெட்டியோடு ஒரு பையன், குடையை விரிக்கவே மாட்டேன் என்கிற ஒரு கனவான், அப்புறம் கண்டக்டர். வாரம் ஒரு நிறுத்தம், கடைசிப் பக்கத்தில், வண்ணத்தில். ஒரு வாரம் எல்லோரும் தூங்கிக்கொண்டே நடக்கிற ஊர். ஒரு வாரம் நேற்று இன்னும் முடியாத தெரு. ஒரு வாரம் கடலுக்கு அடியில், ஜன்னலில் மீன்கள் வந்து கிழவியின் பொட்டலத்தைச் சோகமாகப் பார்க்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, எங்கள் தெருவுக்கு எப்படிப் போவது என்று கேட்பார். யாருக்கும் தெரியாது. வண்டி கிளம்பிவிடும். வரைந்தவருக்கு நான் பனிக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். அவர் பனியை வரையவே இல்லை. காகிதத்தை வெறுமனே விட்டுவிட்டிருந்தார். அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தால் காதுக்குள் மணிச்சத்தம் மெல்லக் கேட்கும்.

ஒரே கட்டிலிருந்து அந்த இதழ்கள் எனக்குக் கிடைத்தன. ஒவ்வொரு இதழின் முன்னட்டை மூலையிலும், பேப்பர் போடும் பையனுக்காக அந்த ஊர்ப் பத்திரிகை முகவர் பென்சிலால் குறித்த அதே வீட்டு எண், அதே கையெழுத்து. ஏறக்குறைய எல்லாம் இருந்தன. கடைசி இதழ் மட்டும் இல்லை. டிராம் வீடு போய்ச் சேர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது. பில் போடும்போது தெரியாது, சாப்பிடும்போது தெரியாது. இது ஒரு கவலையா என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவும் கேட்டார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமன், நான் மூவரும் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் பெண் பார்க்கப் பஸ் ஏறினோம். சரவணம்பட்டியைத் தாண்டியதும் அப்போதெல்லாம் வீடுகள் தீர்ந்துவிடும். அன்று ரோடும் தீர்ந்திருந்தது. அன்னூர் வரைக்கும் ஒரே பனி. பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. சோளத்தட்டுப் போர்கள் யானைகளைப் போல வந்து வந்து கரைந்தன. பெயர் தெரியாத ஒரு நிறுத்தத்தில் தலையில் துண்டு கட்டிய ஒருவர் ஏறினார், அடுத்ததில் இறங்கிப் பனிக்குள் போனார், எந்த வீட்டுக்கென்று தெரியவில்லை. கண்டக்டர் கதவருகே நின்று வெளியே எட்டிப் பார்த்தார். அவர் தொப்பியைக் கழற்றி வழி கேட்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். "சில்லறை இருக்குதுங்களா?" என்றுதான் கேட்டார்.

அந்த மனநிலையில் ஒருவனைப் பெண் வீட்டுக்குள் கூட்டிப்போயிருக்கக் கூடாது.

வாசலில் பெண்ணின் அப்பா கைகூப்பி, "வாங்க, வாங்க, பனியில ரொம்பச் செரமப்பட்டுப்போட்டீங்களாட்டம்" என்று வரவேற்று, முன்கூடமான ஆசாரத்தில் ஜமுக்காளம் விரித்து உட்காரவைத்தார். மிச்சரும் தேங்காய் பர்பியும் வந்தன. எதிர்ச் சுவரில் சிமெண்டு அலமாரி. பித்தளைத் தவலைகள், எவர்சில்வர் குடங்கள், வரிசையாகத் தூக்குப்போசிகள். தட்டுகளில் காகிதம் விரித்து, முன்னால் தொங்கும் ஓரத்தைக் கத்தரிக்கோலால் பல் பல்லாக வெட்டி அழகு பண்ணியிருந்தார்கள். மேல்தட்டின் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். அதைச் சுற்றி வெறுமனே விட்ட வெள்ளை. பல் வெட்டில் கண்டக்டரின் தொப்பியில் பாதி போயிருந்தது.

பனிக்காரர்.

அதன் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்த எதிலும் இல்லாத படம், அப்படியானால் அந்தக் கடைசி இதழ்தான். படத்தின் மேல்வரிசை தொங்கும் ஓரத்தில் இருந்தது. கதையின் முடிவு உள்ளே, ஒரு எண்ணெய் டின்னுக்கு அடியில் போயிருந்தது. நான் இடது பக்கம் சாய்ந்தேன். வலது பக்கம் சாய்ந்தேன். முழங்காலில் எழும்பிப் பார்த்தேன். அப்போதுதான் பெண் வந்து மறைத்தாள், நான் அந்த அருள்வாக்கைச் சொன்னேன்.

ஆசாரத்தில் மிச்சர் மெல்லும் சத்தம் நின்றது. பெண்ணின் அப்பா என் பார்வை போன திக்கைப் பார்த்தார். பாத்திரங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதெல்லாம் புள்ளைக்குன்னு வாங்கி வெச்சதுதானுங்க. இன்னுமு உள்ள இருக்குதுங்க" என்றார். குரலில் இருந்த மரியாதை வாசலைக் காட்டுகிற மரியாதை.

திரும்பும்போது பனி விலகி வெயில் சுள்ளென்றிருந்தது. மாமன் புளியம்பட்டி வரை பேசவில்லை. அப்புறம் நிறுத்தவில்லை.

"ஏன்டா மாப்ள, எத்தனை குடம்? எண்ணி முடிச்சயா, இல்ல இன்னொருக்காப் போலாமா?"

"நான் பாத்திரத்தைப் பார்க்கலைங் மாமா. அடியில இருந்த பேப்பரைப் பார்த்தேன்."

"இதுக்குப் பாத்திரத்தையே பார்த்திருக்கலாம். அதுலயாச்சும் ஒரு அர்த்தமிருக்குது."

அந்த வாரமே தரகர் வந்தார். பெண் வீட்டில் ரோசிச்சுச் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். நம் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்று நேராகச் சொல்வது கிடையாது, ரோசிச்சுச் சொல்வதுதான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது. அடுத்த நோம்பிக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் காகிதத்தை உருவி அடுப்பில் போட்டுவிடுவார்களே என்று.

அம்மாவிடம், "இன்னொரு தடவை அந்த ஊட்டுக்குப் போய்ட்டு வரோணும்" என்றேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. "புள்ளை அத்தனை புடிச்சுப்போச்சாடா கண்ணு?" அந்த மலர்ச்சியை நான் திருத்தவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு சீப்பு வாழைப்பழமும், அலமாரியில் மாற்றி விரிக்க ஒரு சுருள் புதுக் காக்கி அட்டைத்தாளுமாகத் தனியே போய் நின்றேன். பெண்ணின் அப்பா பழத்தைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். டிராம், பனி, கண்டக்டர், மீன் பொட்டலம், எல்லாம். வீட்டுக்கு வந்து சேர்ந்தார்களா என்று தெரியவேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

அவர் பழச் சீப்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"அப்ப பாத்திரத்துக்கு இல்லீங்களா?"

"இல்லீங்க."

"காயிதத்துக்கு?"

"ஆமாங்க."

உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார். ரகசியமாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. "ஏ, பாத்திரத்துக்கு இல்லையாமா. காயிதத்துக்காமா. புத்தி கொஞ்சம் மட்டாட்டத்தான் தெரியுது. ஆனா பேராசை இல்லை."

அலமாரியைக் காலி செய்தார்கள். பெண் தவலைகளையும் குடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். உச்சி நேரம், வாசல் வழியே வந்த வெயிலில் தூசி எழும்பி நின்றது, அறை முழுக்க ஒரு பொன்னிறப் பனி. காகிதத்தின் ஒரு பாதியில் இதழின் முன்னட்டை தெரிந்தது. மூலையில் அதே பென்சில், அதே வீட்டு எண். பெரிய எழுத்தில், வாசகர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி, அடுத்த வாரம் முதல் இந்த இதழ் இன்னொன்றோடு இணைகிறது என்று போட்டிருந்தது. அந்த மகிழ்ச்சியை நான் அறிவேன். சில வாரங்களுக்கு அட்டையில் இரண்டு பெயரும் இருக்கும். அப்புறம் ஒரு பெயர் சிறிதாகும். அப்புறம் இருக்காது.

எண்ணெய் டின் ஒன்றுதான் பாக்கி. துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. "மெதுவாங்க" என்று நான் சொல்வதற்குள், உதவி செய்கிற உற்சாகத்தில் பெண்ணின் அப்பா தோட்டத்தில் கிழங்கு பிடுங்குவதைப் போல ஒரே இழுப்பாக இழுத்தார். டின் வந்தது. கடைசிக் கட்டமும் கூடவே வந்தது. தகரத்தின் அடியில் துருவும் எண்ணெயும் கலந்த ஒரு பழுப்பு வட்டம், அதில் படம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காகிதத்தில் வட்டமாக ஓர் ஓட்டை.

நான் அந்த ஓட்டையின் முன் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முந்தைய கட்டத்தில் டிராம் ஒரு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அது அவர்கள் தெருவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பெண்ணின் அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இந்தப் பேப்பரை ஆருங்க விரிச்சது?" என்று கேட்டேன்.

"நாந்தானுங்க" என்றாள் பெண்.

"இந்த எடத்துல என்ன படம் இருந்துச்சுன்னு ஞாபகமிருக்குதுங்களா?"

அவள் ஒருமுறை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓட்டையைப் பார்த்தாள். "வண்டி ஊட்டு முன்னால வந்து நின்னுருச்சுங்க" என்றாள். "ஆனா ஆரும் எறங்கலை."

"ஏன்?"

"அதுக்குள்ளயே இருந்து பழகிருச்சாட்டமிருக்குதுங்க."

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். மூக்கு நுனியில் அலமாரித் தூசி ஒட்டியிருந்தது. கையில் ஒரு தூக்குப்போசி.

வைகாசியில் கல்யாணம். எங்கள் பத்திரிகையிலும் ஒன்றை வெட்டி, அதன் பின்பக்கத்தில் அந்தக் கதையின் முடிவை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிப் பெட்டியில் வைத்தேன். அம்மா அதை எடுத்துப் பிள்ளையார் சுழிப் பக்கத்தை மட்டும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சில வருடங்கள் கழித்து, இங்கிலாந்தில் என்னைப் போன்ற சிலர் தங்களுக்குள் நகலெடுத்துச் சுற்றுக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு சிற்றிதழுக்கு அந்த டிராம் கதையைப் பற்றி எழுதி அனுப்பினேன். கடைசி இதழை அவர்களில் ஒருவரும் கண்டதில்லையாம். பயணிகள் இறங்காமல் உட்கார்ந்திருக்கும் அந்த முடிவைப் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் இதழில் இப்படியொரு துணிச்சலா என்று ஒருவர் வியந்திருந்தார். இன்னொருவர் பனிக்காரரின் மனநிலையை ஒரு பக்கத்துக்கு ஆராய்ந்திருந்தார். பிரதி தபாலில் வந்த அன்று, வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்த மனைவிக்கு ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

அவள் காம்பைக் கிள்ளி ஒதுக்கினாள்.

"அந்தப் படத்தை ஆரு பார்த்தா? அலமாரிக்குப் பேப்பர் போடறவ படமா பார்த்துட்டிருப்பா? அன்னைக்கு மணி பன்னண்டாச்சு, அத்தனை பாத்திரத்தையும் மறுக்கா அடுக்கோணும், ஒலை வெக்கோணும். நீங்க எந்திரிக்கறாப்பலயே தெரியலை. ஏதாச்சும் சொன்னாத்தான் போவீங்கன்னு சொன்னேன்."